அரிசிக் கப்பலும் தூக்குமரமும்



நாம் வந்து குடியேறிய இந்த ஏலூர் தொழில் நகரான வரலாற்றை ஆண்டு விழா நாளில் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

1939 செப்டம்பர் 3 அன்று, இந்திய மக்களின் பிரதிநிதிகளைக் கேளாமலே வைசிராய் லின்லித்கோ இந்நாட்டைப் போரில் இழுத்துவிட்டார். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. விளைந்த நெல் போதாமல் கப்பலரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரும் கொச்சியும் தவித்தன. பங்கீட்டரிசியும் மரவள்ளிக்கிழங்குமே ஏழையின் உணவாயின. 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். இரயில்வேயில் கணக்கெழுதும் நமக்கு, வாராமற்போன ஒரு வண்டி அரிசி எத்தனை அடுப்புகளை அணைக்கும் என்பது தெரியும். போருக்கு நம்மைக் கேளாத அரசு, நம் பசியையும் கேட்கவில்லை.

அரிசி வாராத அக்கடல் வழியே விடுதலை வேட்கை கொண்ட இளைஞர் சிலர் வந்தனர். பினாங்கில் பயிற்சி பெற்ற அவர்கள், 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபாரின் தானூர்க் கரையில் இறங்கினர், பிடிபட்டனர். அவர்களுள் ஒருவரான வக்கம் அப்துல் காதர், 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அன்று அவருடன் தூக்கேறியோர் அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகியோர். மலையாளியும் வங்காளியும் பஞ்சாபியும் உயிர் நீத்தது தமிழ் மண்ணில்! மலையாள மண்ணில் பிழைக்க வந்த நாம் இந்த உறவை மறக்கலாகுமோ?

அதே 1943இல்தான் ஏலூர் உரத்தொழிற்சாலைக்கான நிறுவனம் தோன்றியது. தூண்டியவர் திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர், முன்னின்று நடத்தியவர்கள் தமிழ்நாட்டுச் சேஷசாயி சகோதரர்கள். 1946இல் புன்னப்புர-வயலார் எழுச்சியைத் துப்பாக்கியால் அடக்கியதும் அதே திவானின் ஆட்சியே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆண்டுக்கு 50,000 டன் அம்மோனியம் சல்பேட் செய்யும் நோக்குடன் எழுந்த ஆலை, விறகிலிருந்து வாயு எடுத்து, நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே உற்பத்தியைத் தொடங்கியது. வேலை தேடித் தமிழரும் வந்தனர்.

உரிமைக்கு உயிர் கொடுத்தோரும், உணவுக்கு உரம் செய்தோரும் ஒரே பஞ்ச காலத்தின் மக்கள். நம் பிள்ளைகள் இரண்டையும் அறிய வேண்டும். ஆதலின், ஆண்டுதோறும் செப்டம்பர் 10 அன்று நம் சங்கத்தில் விளக்கேற்றி, அந்நால்வரின் பெயர்களைப் பிள்ளைகள் வாயால் படிக்கச் செய்வோமாக!