கூலியாளுக்கும் ஒரு வக்கீல்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

அமெரிக்க அரசியல் என்றவுடன் குடியரசுத் தலைவரையே நினைக்கின்றோம். ஆங்குச் சிறைச்சாலை, வரி, நாட்டுப்புறச் சாலை, ஏழையர் ஆஸ்பத்திரி முதலியவற்றைப் பெரும்பாலும் கவனித்து வருவது நம் ஜில்லாவை ஒத்த 'கவுண்டி' என்னும் பகுதியே. அத்தகைய கவுண்டியொன்றின் செயலை இன்று எடுத்துரைக்கப் புகுந்தோம்.

கலிபோர்னியாக் கவுண்டிகள் தமக்கெனச் சாசனம் வகுத்துக்கொள்ளும் உரிமையை 1911-ஆம் ஆண்டிற் பெற்றன. அவ்வாண்டே ஆங்குப் பெண்மக்களும் வாக்குரிமை எய்தினர். மறு ஆண்டு, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியார் 15 பேர் கூடி வரைந்த சாசனத்தை வாக்களித்து ஏற்றனர். 1913-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஐவர் அடங்கிய மேற்பார்வைச் சபை, உத்தியோகங்களுக்குத் தகுதித் தேர்வு என அதன்கண் பல உள. அவை நிற்க.

குற்றஞ்சாட்டும் வக்கீலுக்குக் கவுண்டி சம்பளம் அளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்கோ, கோர்ட்டார் சுட்டிய யாரேனும் ஒருவர் ஊதியமின்றி, பல வேளைகளில் மனமுமின்றி, வந்து நிற்பார். இதனைப் பொறாது, ஏழைக்காக வாதிடவும் அரசே வக்கீலை நியமித்தல் வேண்டுமென 1893-இல் சிகாகோவிற் பேசினார் கிளாரா ஷார்ட்ரிட்ஜ் போல்ட்ஸ் அம்மையார். கலிபோர்னியாவின் முதற் பெண் வக்கீல் அவரே. 1914 ஜனவரியில் அவர் எண்ணம் லாஸ் ஏஞ்சலஸில் உருப்பெற்றது. வால்டன் வுட் என்பார் பொதுக் காப்பு வக்கீலாக அமர்ந்தார். அமெரிக்காவில் இவ்வகை அலுவலகங்களுள் முதலாவது அதுவே.

இன்னுங் கேண்மின். நூறு டாலருக்கு மேற்படாத கூலிப்பாக்கியை ஏழைக்காக வழக்காடி வாங்கித் தருதலும் அவர் கடனென்று விதித்தது அச்சாசனம். கோரிக்கை நியாயமானதுதானா என்று அவர் முன்னரே ஆராய்தல் வேண்டும். பத்து டாலர் பாக்கிக்கு வக்கீற் கூலி இருபது டாலரென்றால், எந்தத் தொழிலாளி கோர்ட்டுப் படியேறுவான்? சம்பளத்துக்கு மாதக்கணக்கிற் காத்திருந்த உபாத்தியாயராகிய எமக்கு அவ்விதியைப் படிக்குங்கால் கண் கலங்கிற்று.

ஒரே கருவூலத்திற் சம்பளம் பெறும் இருவர் எதிரெதிர் நின்று மெய்யாக வாதிடுவரோ என்பார் உளர். அது வீண் ஐயமன்று. ஆயினும், ஒருவருக்கு மட்டும் சம்பளந் தந்து மற்றவரை வெறுங்கையராய் நிறுத்தியதினும் இது மேலன்றோ!

வக்கீல் வைக்க இயலாதவர்க்குப் பெருங்குற்ற வழக்குகளில் வக்கீல் தரல்வேண்டுமென எல்லா மாநிலங்களுக்கும் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் விதித்தது 1963-இல்தான். 2002-இல் லாஸ் ஏஞ்சலஸ் குற்றவியல் நீதிமன்ற மாளிகைக்குப் போல்ட்ஸ் அம்மையார் பெயரைச் சூட்டினர்.