கைவிசையில் எஸ்பிரெஸ்ஸோ



எஸ்பிரெஸ்ஸோ என்றதும் நம்மில் பலருக்குக் கல்யாண வரவேற்புதான் நினைவுக்கு வரும். பளபளக்கும் இயந்திரம், சீறும் ஆவி, பொங்கும் பால்நுரை, மேலே ஒரு சிட்டிகை சாக்லேட் தூள். சுவையான பானம்தான். ஆனால் அங்கே ஆவியின் வேலை பாலைச் சூடாக்கி நுரைக்க வைப்பதோடு சரி. இத்தாலிக்காரர்கள் நின்றபடியே குடித்துவிட்டுப் போகும் எஸ்பிரெஸ்ஸோ வேறு. பால் கிடையாது. இரண்டு மூன்று மிடறுதான். அழுத்தத்தில் இறங்கிய அடர்த்தியான காப்பி. பைக்குள் அடங்கும் ஒரு கைக்கருவியில், மோட்டார் எதுவும் இல்லாமல், அதை நன்றாகப் போடுவது எப்படி? இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

கையால் அழுத்திப் போட்டால் அது அசல் எஸ்பிரெஸ்ஸோ ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா 1901-இல் காப்புரிமை கோரிய இயந்திரம் கொதிகலனின் ஆவியை நம்பி ஓடியது. ஆவி கொடுத்த அழுத்தம் ஒன்றரை 'பார்' அளவுதான். ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். நீரும் மிகையாகச் சுட்டதால் காப்பியில் கசப்பு தூக்கலாக இருந்தது.

அதே மிலானைச் சேர்ந்த அக்கிலே காஜ்ஜியா, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஆவிக்குப் பதிலாக ஒரு நெம்புகோலைக் கொண்டுவந்தார். காப்பி போடுபவர் நெம்புகோலை இழுத்துச் சுருள்வில்லை இறுக்குவார். வில் விரியும்போது பிஸ்டன் வெந்நீரைத் தூளுக்குள் தள்ளும். அழுத்தம் 8, 9 பார் வரை ஏறியது. கோப்பையின் மேல் பொன்னிற நுரைப் படலம் கட்டியது. கிரேமா என்று இன்று கொண்டாடுகிறார்களே, அது இந்த அழுத்தம் கொடுத்த கொடை. மின்பம்பு வைத்த ஃபேமா ஈ61 இயந்திரம் 1961-இல்தான் வந்தது. ஆக, இன்றைய எஸ்பிரெஸ்ஸோவில் பம்பைவிடக் கை மூத்தது.

சரி, 9 பார் அழுத்தத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும்? ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 9 கிலோ பாரம் ஏற வேண்டும். நாலு சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் என்றால் மொத்தம் நூறு கிலோவைத் தாண்டிவிடும். வெறுங்கையால் முடியாது. அதனால் கருவி செய்பவர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஃபிளேர் போன்ற கருவிகளில் நீண்ட நெம்புகோல் நம் பலத்தைப் பல மடங்காக்கும். நானோபிரெஸ்ஸோ போன்ற உள்ளங்கைக் கருவிகளில் ஒரு சின்னப் பம்பு, ஒவ்வொரு அமுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீரைத் தள்ளும்.

அழுத்தத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். அதற்குத் தெரியாத இரண்டு வேலைகள் நம் தலையில்தான் விடியும். ஒன்று சூடு, இன்னொன்று அரைப்பு. காப்பி நன்றாக வருவதும் கெடுவதும் இந்த இரண்டில்தான்.

சூட்டை முதலில் பார்ப்போம். கடையில் இருக்கும் இயந்திரத்தின் கனத்த உலோகத்தை எப்போதும் சூடாகவே வைத்திருப்பார்கள். நம் கருவியோ பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்போடு நிற்கிறது. அதில் ஊற்றுவது அரை டம்ளருக்கும் குறைவான வெந்நீர். உலோகம் அந்தச் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும், காப்பி புளிக்கும். ஆகவே, தூள் போடுவதற்கு முன் கொதிநீரை ஊற்றிக் கருவியையும் கோப்பையையும் நன்றாகச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். பிறகு, இளம் வறுவலுக்குக் கொதித்த நீரை அப்படியே ஊற்றலாம். கருத்த வறுவலுக்குச் சற்று ஆறவிட்டு, 90 டிகிரி வாக்கில் ஊற்றினால் கசப்பு அடங்கும். ஊட்டிக்கு எடுத்துப் போகிறவர்கள் ஆறவிட வேண்டாம். அந்த உயரத்தில் நீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

அடுத்தது அரைப்பு. நம் ஃபில்டரில் வெந்நீர் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, அவசரமில்லை. எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரை நிமிடம்தான் அவகாசம். அதற்குள் சாரம் இறங்க வேண்டுமானால் தூள் ஃபில்டர் தூளைவிட நைசாக இருக்க வேண்டும். ஒரே சீராகவும் இருக்க வேண்டும். மிக்ஸியில் அடித்தால் பாதி மாவாகும், பாதி ரவையாகும். நீர் ரவை கிடக்கும் பக்கமாக வழி பிடித்து ஓடிவிடும். பல்சக்கரம் வைத்த நல்ல கைஅரைவையே இதற்குச் சரி. அது இல்லாதவர்களுக்காகச் சில கருவிகளில் ஒற்றைச் சிறுதுளை வைத்த வடிகூடை தருகிறார்கள். கடைத்தூளிலும் அது நுரை காட்டும், ஆனால் சுவையில் அந்த ஆழம் வராது.

கொட்டை வாங்கும்போது சிக்கரி கலக்காததாகக் கேளுங்கள். வறுத்து ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆனது நல்லது. வறுத்த கொட்டையில் தங்கியிருக்கும் கரியமில வாயுதான் அழுத்தத்தில் நீரில் கரைந்து, வெளியே வந்ததும் நுண்குமிழிகளாகிக் கிரேமாவைக் கட்டுகிறது. பழைய தூளில் அந்த வாயு போய்விட்டிருக்கும். தென்னிந்திய ரோபஸ்டாவை எஸ்பிரெஸ்ஸோ கலவைக்காக இத்தாலிக்காரர்கள் நெடுங்காலமாக வாங்குகிறார்கள். திடமும் நுரையும் வேண்டுகிறவர்கள் அராபிகாவோடு அதைக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.

இனி செய்முறை. கருவி கொள்ளுமானால் 18 கிராம் தூள். சின்னக் கருவி என்றால் 8 கிராம். கட்டிகளை ஒரு மெல்லிய ஊசியால் கலைத்து, மேற்பரப்பு சமமாக இருக்கும்படி அழுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் நீர் அந்தப் பக்கமே ஓடும். வெந்நீரை ஊற்றி, முதலில் மெதுவாக ஓர் அமுக்கு. தூள் முழுக்க நனைவதற்கு ஏழெட்டு விநாடி விடுங்கள். பிறகு நிதானமாக, விட்டுவிட்டு இல்லாமல் சீராக அழுத்துங்கள். தூளின் எடையைப் போல இரண்டு மடங்கு காப்பி இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடிக்குள். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

ருசி பார்த்துத் திருத்துவதும் எளிதுதான். மளமளவென்று இறங்கிப் புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். கை வலிக்க அழுத்தியும் இறங்காமல் கசந்தால் கொஞ்சம் பெரிதாக அரையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூடு, அளவு, அரைப்பு மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

ஓர் எச்சரிக்கை. உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், சுடுநீர் தெறிக்கும். அழுத்தம் அடங்கியபின் திறந்து, சக்கையைத் தட்டி, ரப்பர் வாஷரோடு உடனே கழுவிவிடுங்கள். காப்பி எண்ணெய் படிந்து சிக்கு வாடை பிடித்துவிட்டால் அடுத்த காப்பியும் கெடும்.

எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை அரைவைக்கு ஒதுக்குங்கள். மிச்சத்தில் எளிய கருவி ஒன்று வாங்கினால் போதும். நல்ல தூள் கிடைத்தால் எளிய கருவியும் நல்ல காப்பி தரும். மட்டமான தூளை வைத்துக்கொண்டு எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது.