தள்ளுபடி யாருக்குப் போச்சு? தணிக்கை சொன்ன கணக்கு

(ஒன்றிய விவசாயிகள் மாநாட்டில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



"விவசாயிக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறோம்" என்று டெல்லியில் பேசுகிறார்கள. கொட்டினது எங்கே விழுந்துச்சு என்று நாம் கேட்டால், "சங்கக்காரன் கலகம் பண்றான்" என்கிறார்கள். சரி, நம்ம பேச்சு வேண்டாம். மத்திய அரசின் வரவு செலவைச் சோதிக்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சி.ஏ.ஜி., எழுதியதையே பார்ப்போம்.

2008 மத்திய பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்குத் தவணை தவறிய கடன் முழுவதும் தள்ளுபடி. அதற்கு மேல் நிலம் உள்ளவர் முக்கால் பங்கு கட்டினால் கால் பங்கு தள்ளுபடி. மொத்தம் 52,516 கோடி ரூபாய் போனது. சிறு, குறு விவசாயிகள் 3.69 கோடிப் பேர், மற்றவர்கள் 60 லட்சம் பேர் பயன் பெற்றதாகக் கணக்கு.

இந்தத் திட்டத்தைத் தணிக்கை செய்த அறிக்கை 2013 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 25 மாநிலங்களில், 715 வங்கிக் கிளைகளில், 90,576 கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தச் சோறு எப்படி இருந்தது? நூற்றுக்கு 22 கணக்கில் கோளாறு!

கேளுங்கள். கடன் வாங்கியும் தள்ளுபடி கிடைக்காத 9,334 கணக்குகளைப் பார்த்ததில், 1,257 கணக்கு முழுத் தகுதி உள்ளவை. வங்கி அவர்களைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இன்னொரு பக்கம், தள்ளுபடி கிடைத்த 80,299 கணக்குகளில் 6,823 கணக்கு தகுதியே இல்லாதவை. உழுதவன் வெளியே நின்றான், உழாதவன் உள்ளே போனான். 2,824 கணக்குகளில் பதிவேட்டை அடித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

கடன் தீர்ந்தது என்பதற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது விதி. 61,793 கணக்குகளைப் பார்த்ததில் நூற்றுக்கு 34 பேருக்கு அது கொடுத்ததற்கு ஆதாரமே இல்லை. இது சின்ன விஷயமா? அந்தக் காகிதம் இல்லாவிட்டால், அடுத்த பட்டத்துக்குக் கடன் கேட்டுப் போகும்போது "பழைய பாக்கி நிக்குது" என்பார்கள். அப்புறம் கந்துவட்டிக்காரன் வீட்டுத் திண்ணைதான் கதி.

ஏன் இப்படி ஆச்சு? பட்டியல் போட்டது வங்கி. அதைச் சரிபார்த்ததும் வங்கி. பணத்தைக் கேட்டு வாங்கியதும் வங்கி. மேலே இருந்த நிதித் துறை, வங்கி கொடுத்த கணக்கையே நம்பி உட்கார்ந்தது. பரீட்சை எழுதுகிற பிள்ளையே மார்க் போட்டால் எப்படி இருக்கும்?

இதோடு நிற்கவில்லை. 2020-ல் நம்ம தமிழ்நாட்டிலேயே பார்த்தோம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் பி.எம். கிசான் திட்டத்தில், விவசாயிகளே அல்லாத 5 லட்சம் பேருக்கு மேல் சேர்க்கப்பட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடு என்று மாநில அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்துக் கணினியில் பெயர் ஏற்றினார்கள். ஏற்றிய பட்டியலை ஊர்க் கூட்டத்தில் ஒரு தடவை வாசித்திருந்தால், "இவருக்கு ஏது நிலம்?" என்று அன்றைக்கே கேட்டிருப்போமே!

தோழர்களே, சி.ஏ.ஜி. நேர்மையாக எழுதினார். ஆனால் எழுதத்தான் அவருக்கு அதிகாரம். பணத்தைத் திரும்ப வாங்கவோ, யாரையும் தண்டிக்கவோ முடியாது. அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகும், பொதுக் கணக்குக் குழு பார்க்கும். நடவடிக்கை அரசின் கையில். தணிக்கை வருவதும் காரியம் முடிந்து வருஷக் கணக்கில் கழித்துத்தான். 2008-ல் விடுபட்டவனுக்கு 2013-ல் அறிக்கை வந்து என்ன பயன்? அதற்குள் அவன் நிலமே கைமாறியிருக்கும்.

அதனால் முதல் தணிக்கை ஊரில் நடக்கணும். நம்ம கோரிக்கைகள்:

1. எந்தத் தள்ளுபடி, நிவாரணம், காப்பீடு ஆனாலும், பணம் போவதற்கு முன்பே பெயர்ப் பட்டியலைக் கிராமசபையில் வாசி!

2. விடுபட்டவர் பெயரையும், விடுபட்ட காரணத்தையும் எழுத்தில் கொடு!

3. கடன் தீர்ந்த சான்றிதழைக் கையில் கொடு!

4. தணிக்கை அறிக்கையைத் தமிழில் சுருக்கி ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்பு!

நாமும் சும்மா இருக்கக் கூடாது. வங்கியில் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கேட்டால் பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. அரசு வங்கிக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தரவேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. எழுதத் தெரியாதவர்கள் சங்கக் கிளைக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

நாம் பிச்சை கேட்கவில்லை. நம்ம பேரில் எழுதின பணத்துக்குக் கணக்குக் கேட்கிறோம்.

பட்டியலை வாசி! சான்றிதழைக் கொடு!
கணக்கைக் காட்டு! இல்லையேல் போராட்டம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!