படங்களைத் தொலைக்காமல் ஒழுங்கு செய்தல்

(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கணினியிலும் கைத்தொலைபேசியிலும் குவிந்து கிடக்கும் புகைப்படங்களைப் பற்றிச் சில வார்த்தை பேச விரும்புகிறேன். சிறிய விஷயமென்று சிலர் எண்ணலாம். 1995 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அல்பங்களை வீட்டிலே விட்டுப் போனவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள்.

ஒழுங்கு செய்யப் புகுந்தே படங்களை இழப்பவர் பலர். விடுமுறை நாளொன்றில் உற்சாகமாகத் தொடங்கி, இங்குள்ளதை அங்கே நகர்த்தி, "இது இரட்டிப்பு" என்று அழித்து, மாலையிற் பார்த்தால் பாதிக் கலியாணத்தைக் காணோம்! ஆகையால் முதல் வேலை ஒழுங்கு அன்று, பிரதி. எல்லாவற்றையும் உள்ளபடியே ஒரு வெளி வன்தட்டிற் பிரதி செய்து, சில படங்களைத் திறந்து பார்த்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள். வேலை முடியும்வரை அதைத் தொடவேண்டாம்.

அடுத்து, பெயரை நம்பி எதையும் அழிக்கவேண்டாம். கமெரா படத்துக்கு இடும் பெயரிற் பெரும்பாலும் நான்கு இலக்கமே உண்டு. 9999 முடிந்தால் மீண்டும் 0001. எனவே ஒரே பெயருள்ள இரு கோப்புகளில் ஒன்றிலே அக்காவின் தாலிகட்டு இருக்கும். மற்றதில் ஆட்டுக்குட்டி நிற்கும். இரு கோப்புறைகளை ஒன்றாக்கும்போது, பழையதை நீக்கிப் புதியதை வைக்கவா என்று கணினி கேட்கும். ஆம் என்றால் தாலிகட்டுப் போயிற்று. இரண்டையும் வைத்திரு என்பதே தக்க மறுமொழி. உண்மையான இரட்டிப்பைக் காண, பெயரை விட்டு உள்ளடக்கத்தை ஒப்பிடும் செயலிகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த பிரதி பெரும்பாலும் சுருங்கியது. அதை வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பவரும் உளர்!

கோப்புறைக்கு ஆண்டை முன்வைத்துப் பெயரிடுங்கள்: 2019-04-14 புத்தாண்டு. நாளை முன்வைத்தால் எல்லா ஆண்டுகளின் பதினான்காந் திகதிகளும் ஒன்றாய்க் கூடிவிடும். எடுத்த நாளும் நேரமும் படக்கோப்பினுள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பிற் சாதாரணமாய் அனுப்பினால் அது நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் நிலைக்கும். ஸ்கான் செய்த பழைய படத்தில் இருப்பதோ ஸ்கான் செய்த நாள். 1962 இல் நடந்த கலியாணத்துக்கு ஆண்டை நாமே எழுதவேண்டும்.

"இணையத்திலே தானாகச் சேர்கிறதே" என்பர். சில சேவைகளில் தொலைபேசியில் அழித்தால் அங்கேயும் அழியும்; அது காவல் அன்று. மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறு வீட்டில், இயன்றால் வேறு ஊரில் இருக்கவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன என்பதைப் பெரியோர் அறிவர்.

இனி, கணினியாற் செய்யமுடியாத ஒரு வேலை உண்டு. பழைய குழுப்படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யாரென்று அது அறியாது. அம்மம்மாவின் பக்கத்தில் அரைமணி நேரம் அமர்ந்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு, அதே கோப்புறையில் ஒரு சிறு எழுத்துக் கோப்பாக வையுங்கள். அவர் கதையில் இறங்கினால் அதையும் எழுதுங்கள். பெயர் தெரியாதவருக்குத் "தெரியாது" என்றெழுதி இடம் விடுங்கள். அடுத்த விடுமுறைக்கு வரும் பெரியப்பா சொல்லக்கூடும்.