ஓலை வாசிக்கும் முன்னே ஒரு கேள்வி
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"இன்றைய உலகில் கத்தோலிக்க வாழ்வு" என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். நான் வேதசாஸ்திரம் படித்தவன் அல்ல. ஹாஸ்டலில் காலைப் பூசைக்கு மணி அடித்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அதற்குச் சாட்சிகள் முன்வரிசையிலேயே உட்கார்ந்து சிரிக்கிறார்கள்! ஆகவே தத்துவம் வேண்டாம். என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். கூட வேலை பார்ப்பவர். "கத்தோலிக்கர்தாம்ப்பா" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பையன் கோயிலுக்குப் போவாரா என்பதல்ல. குடிப்பாரா என்பதுகூட அல்ல. "அவுங்க என்ன ஆளுங்க?" என்றுதான் கேட்டேன். கேட்கும்போது வெட்கமாகக்கூட இல்லை. மூச்சு விடுவதுபோல் வந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். "நன்மை வாங்க வரிசையில நிக்கிறப்ப, முன்னாடி நிக்கிறவங்க என்ன ஆளுங்கன்னு நீங்க கேட்டதில்லையேப்பா" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. கோபம்தான் வந்தது. பதில் இல்லாதவனுக்கு வேறென்ன வரும்?

நண்பர்களே, இது புது வியாதி அல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் நமக்குத் தெரிந்த ஊர். 1745-ல் நட்டாலத்து நீலகண்டன் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அரசாங்கப் பதவியில் இருந்தவர், எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வடக்கன்குளத்தில்தான் பின்னாளில், கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் வைத்து மக்களைப் பிரித்தார்கள். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது, அது வேண்டும் என்று வழக்குப் போட்டவர்களும் கத்தோலிக்கர்களே! கோயிலுக்குள் தனி இடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. சுவிசேஷம் சொல்லியும் கேட்காததை நீதிபதி சொல்லிக் கேட்கவேண்டிய நிலை.

2022 மே 15-ல் ரோமாபுரியில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்துக் கண்ணீர் விட்டோம். அதற்கு முன்பே அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை வத்திக்கான் எடுத்துவிட்டது. புனிதரின் பெயரிலிருந்து எடுத்தாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகளின் ஜாதகக் கட்டத்திலிருந்து எப்போது எடுப்போம்? ஆமாம், ஜாதகம் நமக்கு இல்லைதான். ஆனால் கல்யாண விளம்பரத்தில் "ஆர்.சி." என்று போட்டு, பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் போடுகிறோமே, அதுதான் நம் ஜாதகம்!

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், விசுவாசம் ஒரு பக்கமும் அன்றாட வாழ்க்கை ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடப்பது நம் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்று என்று சொல்லியிருக்கிறது. கோயிலுக்குள் இருந்த சுவர் போய்விட்டது. அந்தச் சுவரை ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் கட்டிக்கொண்டோம் நாம்.

என் கதைக்கு வருகிறேன். மனம் மாற எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. இந்தக் கல்லூரியில் தந்தையர்கள் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கம்தான் கைகொடுத்தது. புனித இஞ்ஞாசியார் சொன்ன ஆன்ம சோதனை. இரவில் பத்து நிமிடம். இன்று கிடைத்த நன்மைக்கு நன்றி, இன்று எங்கே கடவுளை விட்டு விலகினேன் என்று ஒரு பார்வை, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். தினமும் அந்த ஒரே கேள்வியில் போய் நின்றேன். "என்ன ஆளுங்க?" கடைசியில் பையனின் வீட்டுக்கு நானே போனேன். அவருடைய அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். கூனிப்போனது நான்தான்.

மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. என் அண்ணன் வரவில்லை. இன்றுவரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சொந்தம் ஒன்று போனது நிஜம். வலிக்கிறது என்பதும் நிஜம். விசுவாசத்தை வாழ்வது என்றால் விலை இல்லாமல் நடக்காது என்பதை அறுபது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு இரவும் செபமாலை முடிப்பதில்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒன்று மட்டும். சிலுவை அடையாளம் போடும் கையால்தான் நாளைக்கு வேலை விண்ணப்பமும், வாடகைப் பத்திரமும், கல்யாண விளம்பரமும் எழுதப்போகிறீர்கள். இரண்டும் ஒரே கையாக இருக்கட்டும். என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று: பிள்ளைகள் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். சில சமயம் மறையுரை அவர்கள் வாயிலிருந்துதான் வருகிறது.