கானமும் கணினியும் காவலும்
(பரிசளிப்பு விழாவில் இசை பயிலும் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

இதே மண்டபத்தில், இதே விழாவில், இரண்டாம் வகுப்பு மாணவியாக நான் ஒரு பாட்டுப் பாடினேன். பாதியில் சொல் மறந்துபோய், அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கினேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் தாத்தா எழுந்து நின்று, "அழுவாத கண்ணு, மறுபடியும் மொதல்ல இருந்து பாடு" என்றார். மறுபடியும் ஏறினேன், பாடினேன். அன்று ஏறிய மேடைதான் இன்று என்னைப் பல்கலைக்கழகத்தில் இசை பயிலும் மாணவியாக ஆக்கியிருக்கிறது.

இசை பயிலும் பெண்ணைக் கூப்பிட்டுக் கணினியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இசைப் படிப்பில் முதல் பருவத்திலேயே என்னைப் பயமுறுத்தியது தோடி ராகமோ, ஐரோப்பிய இசைக் குறியீடோ அல்ல. கணினிதான். கூட இருந்தவர்கள் பட்டணத்துப் பிள்ளைகள். அவர்களுடைய விரல்கள் தட்டெழுத்துப் பலகையில் ஓடும். எனக்கோ, எதை அழுத்தினால் எது அழிந்துவிடுமோ என்று கை நடுங்கும்.

என் பெற்றோர் இருவரும் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர்கள். சீட்டுப் பிடித்து, சேர்த்து வைத்த 1,800 வெள்ளியில் எனக்கு ஒரு பழைய மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனபோது, குழந்தையைத் தூக்கிப் போவது போலத்தான் இருந்தது.

அன்பர்களே! ஒலி எப்படிக் கணினிக்குள் போகிறது என்று கற்றுக்கொண்ட நாளை நான் மறக்க மாட்டேன். நாம் பாடும்போது காற்று அதிர்கிறது. கணினி அந்த அதிர்வை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்துக்கொள்கிறது. இசைக் குறுந்தட்டுகளுக்கு வகுத்த கணக்கு இது. நாம் திரும்பக் கேட்கும்போது அந்த எண்களையெல்லாம் வரிசையாகப் படித்து மறுபடியும் காற்றை அசைக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

நான் பாடுவது ஐந்தரைக் கட்டை சுருதி. அதில் 'ச' என்றால் நொடிக்கு ஏறத்தாழ 208 அதிர்வுகள். 'ப' அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 312. மேல் 'ச' இரண்டு மடங்கு, 416. இதையெல்லாம் திரையில் கோடாகப் பார்த்தபோதுதான், என் பஞ்சமம் எப்போதும் கொஞ்சம் இறங்கியே நிற்கிறது என்பது எனக்கே தெரிந்தது. குருவின் முன்னால் வெட்கப்படலாம். இந்தப் பெட்டிக்கு முன்னால் என்ன வெட்கம்? நாற்பது தடவை பாடினாலும் அது சலித்துக்கொள்ளாது.

ஆனாலும் கணினிக்கு எட்டாதது ஒன்று உண்டு. இசைக் குறியீடு எழுதும் மென்பொருளில் ஒரு புள்ளி வைத்தால் அது ஒரே உயரத்தில் நிற்கும். நம் தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அந்தக் கமகத்தைப் புள்ளிக்குள் அடைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் எனக்கு ஒன்று புரிந்தது. கணினி ஒரு நல்ல கிராணி. கணக்குப் பிசகாது. ஆனால் கிராணி மரம் வெட்ட மாட்டார். வெட்டுகிறவன் கை வேறு. பாடுவது நம் வேலை, பதிவது அதன் வேலை.

இனி, நான் உங்களிடம் சொல்ல வேண்டிய முக்கியமான கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் உருமி அடித்துப் பாடுவார். தாலாட்டு, கும்மி, கரகப் பாட்டு என்று அவர் நெஞ்சில் இருந்த பாட்டுகள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு பள்ளி விடுமுறையில் அவரை உட்கார வைத்து, கைப்பேசியில் 23 பாட்டுகளைப் பதிவு செய்தேன். பிறகு அவற்றை மடிக்கணினியில் போட்டு, 'ஓடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் காற்று இரைச்சலைக் குறைத்துச் சுத்தம் செய்தேன். கேட்டுவிட்டுத் தாத்தா, "இதென்னா, நான் செத்தாலும் பாடுவேன் போலிருக்கே!" என்று சிரித்தார். அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார்.

பிறகு எனக்கு ஆசை வந்தது. விலை உயர்ந்த இசை மென்பொருள் ஒன்று பட்டணத்து நண்பர்களிடம் இருந்தது. என்னிடம் காசு இல்லை. 'முழுப் பதிப்பு, முற்றிலும் இலவசம்' என்று இணையத்தில் ஓரிடத்தில் கண்டேன். பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு அது. பதிவிறக்கம் செய்தேன். கூடவே ஒரு குறிப்பு: 'முதலில் உங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிடுங்கள்.' அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? "வீட்டு நாயைக் கட்டிப் போடுங்கள், நான் உள்ளே வருகிறேன்" என்று சொல்கிற விருந்தாளி யாராக இருப்பான்? நான் நாயைக் கட்டிப் போட்டேன்.

மறுநாள் காலை கணினியைத் திறந்தால், எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறிக் கிடந்தன. ஒன்றும் திறக்கவில்லை. 'உன் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் கட்டு' என்று திரையில் ஒரு கடிதம். டாலரில் கேட்டிருந்தார்கள். என் பயிற்சிக் கட்டுரைகள் போயின. தாத்தாவின் பாட்டுகளும் போயின. கைப்பேசியில் இருந்தவற்றை இடம் போதவில்லை என்று நானே முன்பு அழித்திருந்தேன்.

மூன்று நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா திட்டுவாரே என்ற பயம். அந்த மூன்று நாளில் கணினியைப் போட்டு நோண்டி, எஞ்சியிருந்ததையும் கெடுத்துக்கொண்டேன். கடைசியில் சொன்னேன். அம்மா திட்டவில்லை. "அப்ப தாத்தா கொரலு இனிமே இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நல்ல வேளையாக, அத்தை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த 9 பாட்டுகள் அவன் கைப்பேசியில் கிடைத்தன. 14 போனது போனதுதான். அந்தப் பாட்டுகளைப் பாட உலகில் இன்னொருவர் கிடையாது. 1,800 வெள்ளிக் கணினியை மறுபடியும் வாங்கலாம். அதை எங்கே போய் வாங்குவது?

தம்பி தங்கைகளே! 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம் முன்னோர் மொழி. நான் காலை விட்டு அறிந்ததைக் கேளுங்கள்.

பூட்டு உடைத்த மென்பொருளைத் தொடாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம். நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இசைக்கு இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைப்பவை உண்டு. ஒலிப்பதிவுக்கு ஓடாசிட்டி, குறியீடு எழுத மியூஸ்ஸ்கோர். அவற்றையும் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.

அருமையான எதையும் மூன்று படிகளாக வையுங்கள். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ, ஒன்று வீட்டுக்கு வெளியே வேறோரிடத்தில். வேலை முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் திருடன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். ஒரே சாவியை எல்லாக் கதவுக்கும் போடாதீர்கள்.

இனிப் பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 'எனக்கென்ன, நான் கணினி பக்கமே போறதில்ல' என்று நினைக்காதீர்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியும் கணினிதான். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒன்று வரும். தொட்டால் ஏதோ ஒரு செயலியை ஏற்றச் சொல்லும். ஏற்றினீர்களோ, வங்கியிலிருந்து வரும் டெக் எண்ணை அது உங்களுக்கு முன்பே படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். அழைப்பிதழை ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். டெக் எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கி ஒருநாளும் அதைக் கேட்காது.

அப்படியும் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்கோ, 997 என்ற எண்ணுக்கோ பேசுங்கள். 2022-இல் அரசாங்கம் அமைத்த தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்த முயல்வார்கள். பிறகு போலீசில் புகார் கொடுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் காசு. யாருக்காவது பணம் அனுப்பும் முன், அந்தக் கணக்கு எண் மோசடியில் சிக்கியதா என்று போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் பெருமையாக இருக்கும்.

இன்னொன்று. இன்றைய மென்பொருள், ஒருவர் பேசிய சிறு ஒலித்துண்டை வைத்தே அவர் குரலைப் போலப் பேசிவிடுகிறது. சுருதி பிசகைக் கண்டுபிடிக்கும் இசை மாணவியாகிய நானே அதில் ஏமாறக்கூடும். "அம்மா, விபத்தாயிடுச்சு, பணம் அனுப்பு" என்று உங்கள் மகன் குரலில் அழைப்பு வந்தால், போனை வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எண்ணில் மகனைத் திரும்ப அழையுங்கள். குடும்பத்துக்கென்று ஓர் இரகசியச் சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னஞ்சிறு பிள்ளைகளே! நீங்கள் பாடி ஆடிப் போடும் படங்களைப் பார்த்து, "நீ ரொம்ப நல்லா பாடுற, உன் படம் அனுப்பு, வீட்ல சொல்லாத" என்று முகம் தெரியாத ஒருவர் எழுதலாம். புகழ்ச்சி யாருக்கும் இனிக்கும். ஆனால் 'வீட்ல சொல்லாத' என்று எப்போது ஒருவர் சொல்கிறாரோ, அப்போதே அது வீட்டில் சொல்ல வேண்டிய செய்தி. அம்மாவிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள். தாலியான் காசிஹ் என்ற 15999 எண்ணுக்கும் பேசலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் கை ஓங்காதீர்கள். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். ஒருமுறை அடி விழுந்தால், மறுமுறை அது சொல்லாது. மூன்று நாள் மறைத்து வைத்த எனக்கு அந்தப் பயம் தெரியும்.

முடிக்கும் முன், என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தொலைந்த பாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு எனக்குத் தெரியுமே" என்றார். அதுவரை அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. கூச்சத்தோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினார். பதிவு செய்தேன். இப்போது 11 பாட்டுகள் இருக்கின்றன. மூன்று படிகளாக, மூன்று இடங்களில்.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள். இன்று பரிசு வாங்கும் தம்பி தங்கைகளே, வீட்டுக்குப் போனதும் அவர்களை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். பதிந்ததைப் பத்திரமாகக் காத்து வையுங்கள். கணினியைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், கண்மூடி நம்பவும் வேண்டாம்.

என்னை மறுபடியும் மேடையேற்றிய என் பள்ளிக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்து. பெறாதவர்களுக்கு என் தாத்தா சொன்னதுதான்: அழுவாதீங்க, மறுபடியும் மொதல்ல இருந்து பாடுங்க.