தூதும் புறாவும்



தமிழிலே தூது என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. தூது விடுதற்குரியவை பத்து என்பர்: அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. உண்மையாகவே கடிதம் சுமக்கின்ற புறாவை இப்பட்டியலிற் காணோம். அதைப் பற்றி நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. நமது தூதிலே இருப்பவள் பேசுகிறாள். தலைவனை நாடித் தூது போகிறது. தபாற் புறாவோ தன் கூட்டுக்குத் திரும்ப மட்டுமே அறியும். எனவே சென்றவன் பேசலாம். வீட்டிலிருப்பவள் மறுமொழி அனுப்ப வழியில்லை.

அந்த ஒருவழிப் பாதையில் அகப்பட்டவர்கள் சுவீடன் நாட்டவர் மூவர். அன்ட்ரே, ஸ்ட்ரின்ட்பேர்க், ஃபிரேங்கல் என்போர் 1897 ஜூலை 11ஆம் திகதி, ஸ்பிட்ஸ்பேர்கனை அடுத்த சிறு தீவொன்றிலிருந்து பலூனிலே வடதுருவம் நோக்கிப் புறப்பட்டனர். கூடவே 36 புறாக்களையும் கொண்டு சென்றனர். அவற்றுள் ஒன்று நோர்வேக் கப்பலொன்றில் வந்தமர்ந்து சுடப்பட்டது. அது சுமந்த கடிதம் ஜூலை 13இல் எழுதப்பட்டது. எல்லோரும் நலம் என்றது. ஆனால் மறுநாளே பலூன் பனிக்கட்டியில் இறங்கிவிட்டது. எழுதியபோது மெய்யாயிருந்த செய்தி, வாசிக்கப்பட்டபோது மெய்யாக இல்லை.

ஸ்ட்ரின்ட்பேர்க்குக்கு மணம் பேசி நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் பெயர் அன்னா. பனிக்கட்டிமீது சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு நடந்த நாட்களிலும், அனுப்ப எந்த வழியும் இல்லாத நிலையில், அவளுக்குக் கடிதங்கள் எழுதினார். செப்டெம்பர் 4ஆம் திகதி அவருடைய 25ஆவது பிறந்தநாள். அன்று காலை அன்ட்ரே, அன்னாவும் உறவினரும் எழுதிய கடிதங்களை அவர் கையிலே கொடுத்தார். இந்நாளுக்கென்றே அவை கூடவே கொண்டு வரப்பட்டிருந்தன. அவர் அடைந்த மகிழ்ச்சியை அன்ட்ரே தமது நாட்குறிப்பிலே பதிந்திருக்கிறார்.

ஒக்டோபர் மாதத்தோடு குறிப்புகள் நின்றுவிடுகின்றன. மூவரின் உடல்களும் எழுத்துகளும் 33 ஆண்டுகளின் பின், 1930இல், வெண்தீவிலே கண்டெடுக்கப்பட்டன. அதற்குள் அன்னா வேறொருவரை மணந்து வாழ்ந்துகொண்டிருந்தார்.

நேயர்களே, புறாவின் கடிதத்தில் செய்தி இருந்தது. ஆனால் வந்து சேருமுன் அது பழசாகிவிட்டது. பிறந்தநாட் கடிதங்களில் புதிய செய்தி எதுவும் இருந்திருக்க முடியாது. பயணத்துக்கு முன்னரே எழுதப்பட்டவை அல்லவா? இருந்தும், வேண்டிய வேளையில் வேண்டியவரைச் சென்றடைந்தவை அவைதாம். வடக்கிலிருந்து ஒரு கடிதம் வர வாரக்கணக்கில் காத்திருந்த 1990களை அறிந்த எங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கடிதத்திலிருந்த நலச்செய்தி பழையதென்று தெரிந்தும், கையெழுத்தைக் கண்டதும் நாம் ஆறுதல் அடையவில்லையா?

1998இல் இரிடியம் செய்மதித் தொலைபேசிச் சேவை தொடங்கியது. இன்று துருவத்தில் நிற்பவரும் வீட்டாருடன் பேசலாம். இருவழியும் திறந்துவிட்டது, நல்லதே. ஆயினும் மின்கலம் தீரும்; கருவி உறைந்துபோகும். ஆகவே தொலைவிடம் செல்லும் பிள்ளைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: புறப்படுமுன் ஒரு கடிதம் எழுதி வீட்டிலே வைத்துவிட்டுப் போ, வீட்டார் எழுதிய ஒன்றைப் பெட்டியின் அடியிலே வைத்துக்கொண்டு போ. பேச்சு அறுந்துபோகும் நாளில் இரு பக்கமும் பிரித்து வாசிக்க ஏதேனும் இருக்கட்டும்.